கடல் தண்ணீருக்கு ஒரு நற்சான்று

1

என் அண்ணன் செத்த நாள் ஒவ்வொரு வருடமும் இந்த ஊரில் தண்ணீர்க் கட்டுப்பாட்டு உத்தரவோடு சேர்ந்தே வருகிறது. நமக்கு ஆடி மாதம், இவர்களுக்குக் கோடை விடுமுறை. ஆறு வற்றிக் கூழாங்கற்கள் தெரிய ஆரம்பித்ததும் மாவட்ட நிர்வாகத்திடமிருந்து ஒரு தாள் வரும். கார் கழுவக் கூடாது. புல்தரைக்குத் தண்ணீர் விடக் கூடாது. நீச்சல் குளத்தை நிரப்பக் கூடாது. காய்கறித் தோட்டத்துக்கு மட்டும் பொழுது சாய்ந்த பிறகு விடலாம். அந்தத் தாளை மேரி வாசலில் ஒட்டுவதும் என் வேலைகளில் ஒன்று. நகராட்சி அலுவலகத்தை 'மேரி' என்று சொல்ல நான் பிரான்சுக்கு வந்து கற்றுக்கொள்ளவில்லை. புதுச்சேரியிலும் அதே பெயரில் இருக்கும் கட்டடத்துக்கு எதிரில்தான் கல்லூரி பஸ்ஸுக்கு நின்றேன்.

இந்தச் சிறு நகரத்தின் தண்ணீர்ப் பிரிவில் நான் பரிசோதகர். தினமும் காலையில் ஆறு குழாய்களுக்குப் போகிறேன். பள்ளிக்கூடம், முதியோர் இல்லம், ரொட்டிக் கடை என்று வரிசை மாறாது. குழாயின் வாயைத் தீயில் காட்டிச் சுத்தம் செய்து, பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவேன். எங்களுக்கு இரண்டு ஆழ்துளைக் கிணறுகள். ஒன்றில் வயல்களில் போடும் உரத்தின் நைட்ரேட் இறங்கிவிட்டது. இன்னொன்று நல்ல தண்ணீர். இரண்டையும் கலந்துதான் ஊருக்கு விடுகிறோம். மழை பொய்த்த வருடங்களில் நல்ல கிணறு கீழே போய்விடும், கலவை சட்டம் சொல்லும் எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அந்த வாரங்களில் என் தலைவி மதாம் பெரென் காபியைக் கூட நின்றுகொண்டே குடிப்பாள். எல்லையைத் தாண்டினால் அன்றைக்கே ஊருக்கெல்லாம் அறிவிக்க வேண்டும். மறைத்தால் அவள் கோர்ட்டில் நிற்பாள்.

முதல் முறை அதைக் கேட்டபோது நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மறைத்தால் கோர்ட்டு. இவ்வளவு சின்ன வாக்கியம் எங்கள் ஊரில் ஏன் யார் வாயிலும் வரவில்லை?

2

நான் புதுச்சேரியின் வைத்திக்குப்பத்துப் பெண். அப்பாவும் அண்ணன் சேகரும் கடலுக்குப் போனவர்கள். அம்மா நான் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டாள். அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவன். வேதியியல் படிக்கப் போகிறேன் என்றபோது, "படி. மீன் விக்கத்தான் ஊர்ல அத்தினி பேர் இருக்காங்களே" என்றான். அவன் மனைவி சரசு அண்ணி தெருத் தெருவாக மீன் விற்றுவிட்டு வந்து, என் வெள்ளைக் கோட்டைத் தோய்த்துப் போடுவாள். மீன் வாசம் ஒட்டக் கூடாது என்று அதற்குத் தனி வாளி வைத்திருந்தாள்.

படிப்பு முடிந்ததும் முதலியார்பேட்டையில் ஒரு தனியார் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் சேர்ந்தேன். முதலாளி தண்டபாணி. நாங்கள் 'சார்' என்போம். அதட்டாத மனிதர். அடிக்கடி வெளியூர் போவார். போகும் முன்னால், "ராணி, ஒரு இருபது ஃபாரம்ல கையெழுத்துப் போட்டு வெச்சிடும்மா. அவசரத்துக்கு நான் டைப் பண்ணிக் குடுத்துக்கறேன்" என்பார். எழுதாத ஃபாரங்களில் நான் கையெழுத்துப் போட்டேன். பல தடவை போட்டேன். இதை மறைத்துவிட்டு மேலே எழுத எனக்கு உரிமை இல்லை.

அந்த ஆடியில் எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிநீர்க் குழாய் போட்டார்கள். சாக்கடையை ஒட்டிப் போட்டார்கள். தண்ணீர் நல்லது என்று சான்று கிடைத்தால்தான் காண்ட்ராக்டர் வேலையை ஒப்படைக்க முடியும். சான்றுக்கு எங்கள் கூடத்துக்கு வந்தார்கள். காலம் தப்பி மூன்று நாள் கொட்டிய மழையில் சாக்கடை தெருவில் நின்றது. நானே போய்த் தண்ணீர் பிடித்து வந்தேன். மறுநாள் கிருமி வளர்க்கும் தட்டை எடுத்துப் பார்த்தால், எண்ண முடியாத அளவுக்குப் புள்ளிகள். நோட்டில் 'குடிக்க உகந்ததல்ல' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். வீட்டில் காய்ச்சிக் குடிக்கச் சொன்னேன். சாரிடம் நோட்டைக் காட்டினேன்.

"சரிம்மா, நான் பாத்துக்கறேன். நீ காரைக்காலுக்குப் போய்ட்டு வந்துடு, அங்க நாலு நாள் சாம்பிள் எடுக்க வேண்டியிருக்கு."

போனேன். நான் போன மறுநாள், குடிக்க உகந்தது என்று அடித்த தாளைத் தெருமுனையில் ஒட்டியிருக்கிறார்கள். கீழே என் கையெழுத்து. தெருவே பெருமைப்பட்டிருக்கிறது, நம்ம ராணி பார்த்துக் கொடுத்தது என்று. அண்ணன் எனக்குப் போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. தாளில்தான் தங்கையின் கையெழுத்து இருக்கிறதே. காய்ச்சுவதை நிறுத்திவிட்டார்கள்.

நான் திரும்பி வந்தபோது எங்கள் தெருவில் பதினோரு பேர் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். பத்துப் பேர் பிழைத்தார்கள். அண்ணன் அமாவாசைக்கு மூன்றாம் நாள் போய்விட்டான். புயலில் கவிழ்ந்த படகிலிருந்து இரண்டு தடவை நீந்திக் கரையேறியவன்.

"அலையில சாவாதவன் சொம்புத் தண்ணியில செத்தான்" என்று அண்ணி கத்தினாள். பிறகு அந்தத் தாளை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். "இது உன் கையெழுத்தா இல்லியா?"

"கையெழுத்து என்னுது அண்ணி. மேல எழுதுனது நான் இல்ல."

"கையெழுத்து உன்னுதுன்னா எல்லாம் உன்னுதுதான். போ."

சாரிடம் ஓடினேன். என் மேசை இழுப்பறையில் நோட்டு இல்லை. அவர் அப்போதும் அதட்டவில்லை. "எழுதாத ஃபாரம்ல கையெழுத்துப் போட்டது நீ. வெளிய சொன்னா கேஸ் உன் மேலதான் வரும். சின்னப் பொண்ணு, கல்யாணம் ஆவணும், பாத்துக்கோ" என்றார். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. பயந்துவிட்டேன். அந்தப் பயத்தை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. அவரை மன்னிக்காதது வேறு கணக்கு.

3

தெருவில் யாரும் என் முகம் பார்க்காத ஒரு வருடம் கழித்து, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்திலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளையின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்பா ஒரு கேள்வியும் கேட்காமல் சம்மதித்தார். அனுப்பிவைத்தார் என்பதைவிட அப்புறப்படுத்தினார் என்பது சரி.

இங்கே வந்ததும் செல்வராணி என்ற என் பெயரைப் பிரித்துப் போட்டார்கள். ஒரு தாளில் அப்பா பெயர் குடும்பப் பெயரானது. இன்னொன்றில் செல்வ ஒரு பெயர், ராணி ஒரு பெயர். கடைசியில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுக் கணவரின் குடும்பப் பெயரில் மதாம் சின்னையா ஆக்கினார்கள். அதைச் சரிசெய்ய நான்கு அலுவலகங்களுக்கு அலைந்துவிட்டு, விட்டுவிட்டேன். அந்தப் பெயர்க் குழப்பம் எனக்கு ஒருநாள் உதவப் போகிறது என்று அப்போது தெரியாது.

மொழி அடுத்த அடி. பிரெஞ்சில் மீனுக்கும் விஷத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே சொல். நடுவிலிருக்கும் எழுத்தை அழுத்தினால் மீன், இழைத்தால் விஷம். நம் நாக்குக்கு இரண்டும் ஒன்று. இந்த வேலைக்கான நேர்முகத்தில் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார்கள். அப்பாவும் அண்ணனும் கடலில் விஷம் பிடித்தார்கள், அண்ணி அதைத் தெருவில் விற்றாள் என்று சொல்லியிருக்கிறேன். எதிரில் இருந்த மூவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீர்ப் பரிசோதகர் வேலைக்கு வந்தவள் சொல்லக்கூடிய சொல்லா அது?

குடியுரிமை வந்த பிறகு துணிச்சலும் வந்தது. அந்தப் பழைய சான்று எந்த அலுவலகத்தில் கொடுக்கப்பட்டதோ, அங்கே தகவல் உரிமைச் சட்டத்தில் அதன் நகல் கேட்டு எழுதினேன். இந்தியக் குடிமக்கள் மட்டுமே கேட்கலாம் என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. என் அண்ணனைக் கொன்ற தாளைக் கண்ணால் பார்க்கக்கூட நான் அந்நியள். அந்தப் பதிலைக் கிழிக்காமல் வைத்திருந்தேன். கோபம் குறைகிற மாதிரி இருந்தால் எடுத்துப் படிப்பேன்.

4

இந்த நாட்டுச் சட்டப்படி ஓர் ஊரின் தண்ணீர்ப் பிரிவு தன் வருமானத்தில் சிறு பகுதியை வெளிநாட்டில் குடிநீர் வேலைக்குக் கொடுக்கலாம். மதாம் பெரென் ஒருமுறை புதுச்சேரிக்குப் போய் மஞ்சள் சுவர்களைப் படம் பிடித்துக்கொண்டு வந்தவள். அதனால் அங்கிருந்து ஒரு விண்ணப்பம் வந்ததும் உற்சாகமாகிவிட்டாள். கடலோரத் தெருக்கள் சிலவற்றுக்குக் கிருமிநீக்கக் கருவி, தொடர்ந்த பரிசோதனை. நிலத்தடியில் கடல் ஏறிப் போர் தண்ணீர் உப்பாகிவிட்டது, பருவம் தப்பிய மழையில் குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலக்கிறது என்று காரணங்கள் எழுதியிருந்தன. எல்லாம் உண்மை. வைத்திக்குப்பமும் பட்டியலில் இருந்தது.

"நீ அந்த ஊர்க்காரி. நீயே படித்துக் கருத்து எழுது" என்று கோப்பை என் மேசையில் வைத்தாள். அண்ணனின் திதிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

ஆறாம் பக்கத்தில், உள்ளூரில் வேலையை நடத்தும் கூட்டாளியின் படம். தலை முழுக்க நரை, மீசைக்கு மட்டும் கறுப்புச் சாயம். தண்டபாணி. அறக்கட்டளை ஒன்றின் தலைவர். தன் பரிசோதனைக்கூடம் ஒரு முறைகூடத் தவறான அறிக்கை தந்ததில்லை என்று எழுதியிருந்தார்.

"இதில் உனக்குத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா?" என்று மதாம் கேட்டாள். அவள் கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது, விதி.

"ஊரைத் தெரியும்" என்றேன். பொய்.

'இவர் வேண்டாம்' என்று எழுதிவிட்டு முடித்திருக்கலாம். அவருக்கு அது வெறும் ஒரு தபால். வருத்தப்பட்டு, வேறு ஊருக்கு விண்ணப்பம் போடுவார். எனக்கு வேண்டியது அவர் முகம். அது மாறுவதை நான் பார்க்க வேண்டும். இரண்டு நாள் யோசித்து, எங்கள் கையேட்டில் உள்ளபடியே ஒன்றை எழுதினேன். கூட்டாளியின் பரிசோதனைக்கூடத்துக்கு, யாரென்று சொல்லாமல், சாதாரண வாடிக்கையாளர் மூலம் மூன்று மாதிரிகள் அனுப்ப வேண்டும். அதே மாதிரிகளைச் சென்னையில் வேறொரு கூடத்துக்கும் அனுப்ப வேண்டும். இரண்டு முடிவுகளையும் ஒப்பிட வேண்டும். மதாம் பாராட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

மாதிரி எடுக்க ஆள் வேண்டும். கோப்பின் இணைப்பில் தெரு மகளிர் குழுவின் பட்டியல் இருந்தது. செயலாளர்: சரசு. கீழே போன் நம்பர்.

அண்ணன் போனதிலிருந்து அண்ணி என்னோடு பேசியதில்லை. அப்பாவின் சாவுக்குப் போனபோதுகூட முதுகைத்தான் காட்டினாள். நம்பரை அழுத்தினேன்.

"யாரு?"

"ராணி, அண்ணி."

யாரோ மீன் வெட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"இன்னா வேணும்?"

சொன்னேன். ஒரு பாட்டிலில் நம் தெருக் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் பேட்டரிக் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீர், மூன்றாவதில் கடல் தண்ணீர். மூன்றையும் வீட்டுத் தண்ணீர் என்று சொல்லி முதலியார்பேட்டையில் கொடுக்க வேண்டும்.

"கடல் தண்ணியா? எதுக்கு?"

"அவன் தொறந்தாவது பாக்கறானான்னு தெரியணும்."

"நல்ல தண்ணின்னு எழுதிக் குடுத்துட்டான்னா?"

"அப்ப அன்னிக்கு அந்தத் தாளுல இருந்ததும் அவன் எழுதுனதுன்னு நம்புவியா அண்ணி?"

"மொதல்ல எழுதட்டும்" என்று வைத்துவிட்டாள்.

என் மகள் மீரா பக்கத்தில்தான் இருந்தாள். பதினைந்து வயது. தமிழ் புரியும், பேச வராது, பேச வராததில் வருத்தமும் இல்லை. குளிக்கும் நேரத்தை அளக்கக் குளியலறையில் மணல் கடிகாரம் வைத்திருக்கிறாள். நான் கூடுதலாக ஒரு நிமிடம் குளித்தால் கதவைத் தட்டுவாள். பூமிக்காகக் கண்ணீர் விடுவாள். மாமன் எப்படிச் செத்தான் என்று ஒருமுறை சொன்னபோது, "ஏன் யாரும் புகார் கொடுக்கவில்லை?" என்று மட்டும் கேட்டாள்.

"இது உன் வேலையா, பழிவாங்கலா?" என்று இப்போது பிரெஞ்சில் கேட்டாள்.

"ரெண்டும்தான்" என்று தமிழில் சொன்னேன். புரியாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

5

பாட்டில்களை எப்படிச் சுத்தம் செய்வது, எப்படி மூடி ஒட்டுவது என்பதை வீடியோவில் காட்டினேன். அண்ணி பார்த்தாள். சொன்னதைவிடச் சுத்தமாகச் செய்தாள். மூன்று மாதிரியிலும் பாதியைச் சென்னைக்கு அனுப்பிவிட்டு, மறு பாதியை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனாள்.

அன்று நான் பள்ளிக்கூடக் குழாயில் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அண்ணியே கூப்பிட்டாள்.

"ராணி, கடல் தண்ணி குடிக்க நல்லதாம்."

நான் குழாயை மூடக்கூட மறந்துவிட்டேன்.

"காலைல பத்து மணிக்குக் குடுத்தேன். நாலு மணிக்கு வந்து வாங்கிக்கச் சொன்னாங்க. மூணு தாளு. மூணுலயும் நல்ல தண்ணி, நல்ல தண்ணி, நல்ல தண்ணி. கொயந்தைங்களுக்குப் பால் பவுடர் கரைச்சுக் குடுக்கலாமான்னு கேட்டேன். தாராளமா குடுங்கம்மான்னாங்க."

சிரிக்க ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்பு எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. நான் பள்ளிக்கூட வாசலில், ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேரும் அண்ணன் பெயரைச் சொல்லவில்லை.

தாள்களைப் படம் எடுத்து அனுப்பினாள். கரைந்த உப்புகளின் அளவு மூன்றிலும் லிட்டருக்கு நானூற்று எண்பது மில்லிகிராமை ஒட்டி இருந்தது. கடல் தண்ணீரில் அது முப்பதாயிரத்துக்கு மேல் இருக்கும். வடித்த தண்ணீரில் அனேகமாக ஒன்றுமே இருக்காது. கருவியை ஐந்து விநாடி முக்கினால் தெரிந்துவிடும், நாக்கில் ஒரு சொட்டு வைத்தால்கூடத் தெரியும். கிருமி இல்லை என்றும் எழுதியிருந்தது. கிருமி வளர்ந்து கண்ணுக்குத் தெரிய ஒரு பகலும் ஓர் இரவுமாவது வேண்டும். இவர்களுக்கு ஆறு மணி நேரம் போதுமானதாக இருந்தது.

"கையெழுத்து ஒரு பொண்ணோடது" என்றாள் அண்ணி. "அங்கதான் இருந்துச்சு. உன்ன மாதிரியே வெள்ளக் கோட்டு. சின்னப் பொண்ணு ராணி."

6

வீடியோ சந்திப்பில் எங்கள் பக்கம் மதாம் பெரென், குறிப்பெடுக்க ஓர் எழுத்தர், மொழிபெயர்க்க நான். திரையில் தண்டபாணி ஒரு பெரிய மேசைக்குப் பின்னால் இருந்தார். மதாம் சின்னையா என்று என்னை அறிமுகப்படுத்தினார்கள். நான் முகக்கவசமும் அணியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "நம்ம தமிழ் ஆளு இருக்கறது ரொம்ப சந்தோஷம்மா" என்றார். நான் அதையும் மொழிபெயர்த்தேன்.

மதாம் மூன்று அறிக்கைகளையும் திரையில் காட்டினாள். பக்கத்தில் சென்னை முடிவுகள். இரண்டாவது மாதிரி வடித்த தண்ணீர், மூன்றாவது கடல் தண்ணீர் என்றாள். நான் தமிழில் சொன்னேன். எவ்வளவு வருடமாக இந்த இரண்டு வாக்கியத்துக்காக நான் பிரெஞ்சு படித்திருக்கிறேன் என்று தோன்றியது.

அவர் அசரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது ஸ்டாஃப் தப்பு. கையெழுத்துப் போட்ட பொண்ணு புதுசு. இன்னிக்கே வேலைய விட்டு அனுப்பிடறேன். வேணும்னா அவ மேல போலீஸ்லயும் குடுக்கறேன்."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் தன் பேச்சைப் பேசக் கூடாது என்பது விதி. மீறினேன்.

"சார், எழுதாத ஃபாரம்ல கையெழுத்து வாங்கி வெக்கற பழக்கம் இன்னும் இருக்கா?"

திரையில் அவர் கை நின்றது. முன்னால் குனிந்து பார்த்தார். நான் எத்தனையோ விதமாகக் கற்பனை செய்து வைத்திருந்த அந்த முகம் மாறியது. முதலில் வாய் திறந்தது, பிறகு கண் மேசையில் எதையோ தேடியது.

"நீ… குப்பத்து ராணியா?"

"ஆமா சார். சேகர் தங்கச்சி."

என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று மதாம் கேட்டாள். அவர் குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, நம்ம ஊரு விஷயத்த இவங்க முன்னாடி பேசணுமா? இத மட்டும் அவங்களுக்குச் சொல்லாத. உனக்கு இன்னா வேணும்னாலும் செய்யறேன்."

நான் மதாமின் பக்கம் திரும்பிப் பிரெஞ்சில் சொன்னேன். "இவர் சொல்கிறார்: நம் ஊர் விஷயத்தை உங்கள் முன்னால் பேச வேண்டாமாம். இதை மட்டும் உங்களுக்குச் சொல்ல வேண்டாமாம். எனக்கு என்ன வேண்டுமானாலும் செய்வாராம்."

எழுத்தர் தட்டச்சு செய்தார். தண்டபாணிக்குப் பிரெஞ்சு தெரியாது, ஆனால் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டிருக்கும்.

"சொல்லிட்டியா? இன்னா சொன்ன? ராணி, நான் வேணும்னு பண்ணலம்மா. அந்தக் காண்ட்ராக்டர் அன்னிக்கே தாளு வேணும்னு உக்காந்துட்டான். நீ கையெழுத்துப் போட்ட ஃபாரம் மேசை மேல இருந்துச்சு. தெருவே சாவும்னு நான் கண்டேனா?"

அதையும் சொன்னேன். ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் என்னைத் திட்டினார், அதைச் சொன்னேன். எனக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார், அதைச் சொன்னேன். அழுதார். "அழுகிறார்" என்று சொன்னேன். வாழ்க்கையில் நான் செய்த மிகச் சுத்தமான மொழிபெயர்ப்பு அதுதான். கடைசியில் அந்தச் சின்னப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன். அவளும் எழுதாத ஃபாரத்தில்தான் போட்டாளா?

"எல்லாரும் போடறதுதாம்மா" என்றார். அந்த ஒரு வரியை இரண்டு முறை பதிவு செய்யும்படி எழுத்தரைக் கேட்டுக்கொண்டேன். அந்தப் பெண்ணை என் இடத்தில் நிற்கவைக்க அவருக்கு வழி இருக்கக் கூடாது.

சந்திப்பு முடிந்ததும் மதாம் கதவைச் சாத்தினாள்.

"முதல் நாளே என்னிடம் சொல்லியிருக்க வேண்டும்."

"சொல்லியிருந்தால் கோப்பை வேறொருவரிடம் கொடுத்திருப்பீர்கள்."

"கொடுத்திருப்பேன். அதுதான் சரி" என்றாள். எழுத்தில் ஓர் எச்சரிக்கை என் பணிக் கோப்பில் ஏறியது. அடுத்த பதவி உயர்வு எனக்கு இல்லை. கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மேலே எழுதியிருந்ததை முழுக்கப் படித்துவிட்டுப் போட்டேன்.

7

எல்லாம் நான் நினைத்தபடி முடியவில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதால் கருவிகள் அந்த வருடம் போகவில்லை. ஒரு கோடை முழுக்க எங்கள் தெரு பழைய தண்ணீரையே காய்ச்சிக் குடித்தது. "உன் கோவத்துக்கு நாங்க வெறகு எரிக்கறோம்" என்று குழுவில் ஒருத்தி போனில் சொன்னாள். அவள் சொன்னது நியாயம். மறு வருடம் மகளிர் குழுவையே கூட்டாளியாக வைத்துப் புது விண்ணப்பம் போனது. அதை நான் தொடக்கூட இல்லை, விதிப்படி வேறொருவர் பார்த்தார். கிருமிநீக்கக் கருவியும், தண்ணீரில் கிருமி இருந்தால் கறுத்துவிடும் பரிசோதனைக் குப்பிகளும் போய்ச் சேர்ந்தன. இப்போது அண்ணி ஒவ்வொரு வாரமும் தண்ணீரைப் பார்த்து, முடிவைத் தெருமுனைச் சுவரில் தன் கையால் எழுதி ஒட்டுகிறாள்.

சந்திப்புக் குறிப்பைத் தமிழில் பெயர்த்து அண்ணிக்கு அனுப்பினேன். அவள் அதை வைத்து மனுக் கொடுத்தாள். விசாரணை நடந்தது. முதலியார்பேட்டைக் கூடத்துக்குப் பூட்டு விழுந்தது. ஐந்து மாதம் கழித்து அதே கட்டடத்தில், மருமகன் பெயரில், புதுப் பலகையோடு திறந்துவிட்டார்கள். அந்தச் சின்னப் பெண் அதற்குள் புதுச்சேரி மேட்டுப்பாளையத்திலேயே வேறு வேலைக்குப் போய்விட்டாள் என்று கேள்வி. தண்டபாணி சிறைக்குப் போகவில்லை. மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. எனக்கு ஆறவில்லை. ஆறியது என்று எழுதினால் வாசிப்பவர்களுக்கு நிம்மதியாக இருக்கும், ஆனால் அது பொய்யான அறிக்கை.

போன வாரம் அண்ணி கூப்பிட்டாள்.

"அவன் வந்தான் ராணி. ஊட்டுக்கே வந்தான். மனுவ வாபஸ் வாங்கிக்கச் சொல்லி."

"எப்ப?"

"மத்தியானம். உச்சி வெயிலு. வேர்த்து ஊத்துது. உக்காருங்க சார்னேன். ஒரு சொம்புல தெருக் கொழாத் தண்ணி மொண்டாந்து குடுத்தேன். கையில வாங்குனான், வாயில வெக்கல. சொம்பையே பாக்கறான். அதுக்குள்ள தெருப் பொம்பளைங்க எல்லாம் வந்து வாசல்ல நின்னுட்டாங்க."

"அப்புறம்?"

"குடிங்க சார், இதே கொழாய்த் தண்ணிதான், நீங்கதான நல்ல தண்ணின்னு எழுதிக் குடுத்தீங்கன்னேன். யாரும் வழி உடல. குடிச்சான் ராணி. கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சான். கண்ணுல தண்ணி வந்துடுச்சு. எழுந்து வெளிய போயி, செவுத்தப் புடிச்சுக்கினே ஆட்டோ ஏறுனான்."

அண்ணி அப்படிச் செய்யக்கூடியவளா? "அண்ணி, அந்தத் தண்ணி…" என்று ஆரம்பித்தேன்.

"மொத நாளு வெச்ச குப்பி காலைல வரைக்கும் கருக்கல. மருந்து வாசமும் சரியா இருந்துச்சு. தண்ணி நல்ல தண்ணிதான், நானே பாத்து எழுதி ஒட்டியிருந்தேன்" என்றாள் அண்ணி. "அத அவன் கிட்ட சொல்லல."

"நானும் சொல்லியிருக்க மாட்டேன்" என்றேன்.